சுண்டுவிரலின் பாரம்

மேசைமுன் உட்கார்ந்து கைகளை அதன்மேல் வைக்கச் சொன்னால், யாரும் இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு நேரே நெருக்கி வைப்பதில்லை. கைகள் தோளகலத்துக்கு விலகியே விழும். உள்ளங்கைகள் முழுக்கக் கவிழ்ந்திருக்காது, ஒன்றையொன்று பார்ப்பதற்குப் பாதி திரும்பியிருக்கும். விரல் நுனிகள் ஒரே கோட்டில் நிற்காது. நடுவிரல் முன்னால் போயிருக்கும், சுண்டுவிரல் பின்தங்கியிருக்கும், கட்டைவிரல் எல்லாவற்றுக்கும் கீழே தனியாக ஒதுங்கியிருக்கும்.

அதே மேசையில் ஒரு சாதாரண கீபோர்டை வைத்ததும் உடல் மூன்று காரியங்களைச் செய்கிறது. முழங்கைகளை உள்ளே இழுத்துக்கொள்கிறது. நடுவில் குவிந்த கைகள் விசைவரிசைக்கு நேராக நிற்க வேண்டுமே என்று மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கமாக வளைக்கிறது. உள்ளங்கையைத் தட்டையாகக் கவிழ்க்கிறது. அப்போது முன்கையின் இரண்டு எலும்புகளில் ஒன்று மற்றொன்றின் மேல் குறுக்காகப் புரண்டு நிற்கும். பலகையின் பின்பக்கக் கால்களையும் நிமிர்த்திவிட்டால் நான்காவதாக மணிக்கட்டு மேல்நோக்கியும் மடங்கிவிடும். எந்த ஒன்றும் தனியாகப் பார்த்தால் பெரிய வளைவல்ல. ஆனால் ஒரு நாளின் எட்டு மணிநேரமும் கை அந்த வளைவிலேயே இருக்கிறது. மணிக்கட்டுக்குள், எலும்புகளும் ஒரு தடித்த நாரும் சேர்ந்து உருவாக்கிய குறுகலான வழியில், விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் ஒரு நரம்பும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. மணிக்கட்டு வளையும்போதெல்லாம் அந்த வழிக்குள் அழுத்தம் கூடுகிறது. கார்பல் டனல் என்று மருத்துவர்கள் சொல்வது இந்த இடத்தைத்தான்.

இந்தப் பலகைக்கு இந்த வடிவம் வந்தது கையை அளந்து பார்த்தல்ல. அமெரிக்காவின் மில்வாக்கி நகரத்தில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸும் கூட்டாளிகளும் 1868இல் தட்டச்சுப் பொறிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். துப்பாக்கியும் தையல் இயந்திரமும் செய்துகொண்டிருந்த ரெமிங்டன் நிறுவனம் அதைத் திருத்தி 1874இல் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் பின்னோக்கி ஓட வேண்டும்; மேல்வரிசை விசையின் நெம்புகோலும் கீழ்வரிசையினுடையதும் மோதிக்கொள்ளக் கூடாது. அதனால் வரிசைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பக்கவாட்டில் நகர்த்தி அடுக்கினார்கள். இன்றைய மடிக்கணினியில் நெம்புகோல் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் கியூ விசைக்கு நேர் கீழே ஏ இல்லை, ஏ விசைக்கு நேர் கீழே இசட் இல்லை. அந்தச் சாய்வு வலக்கைக்கு ஓரளவு ஒத்துப்போகிறது. இடக்கையின் விரல்களோ இயல்பாக மடங்கும் திசைக்கு எதிராகப் போக வேண்டியிருக்கிறது. எழுத்துகளின் வரிசை ஏன் அப்படி அமைந்தது என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அச்சுக்கோல்கள் சிக்காமலிருக்க என்பது ஒரு பக்கம், தந்தி அலுவலர்களின் வசதிக்காக என்பது இன்னொரு பக்கம். சாய்வு பற்றி அப்படி விவாதம் ஏதுமில்லை. அது முழுக்க இரும்பின் தேவை.

பலகையை நடுவில் வெட்டிவிடலாம் என்ற யோசனையும் புதிதல்ல. 1926இல் ஜெர்மனியில் கிளாக்கன்பெர்க் என்பவர் தட்டச்சுப் பொறியைப் பற்றி எழுதிய நூலிலேயே, விசைகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து ஒவ்வொன்றையும் அந்தந்தக் கையின் போக்கில் திருப்பிவைக்க வேண்டும் என்று வாதிட்டார். அதே நாட்டுக்காரரான கார்ல் குரோமர் பிற்பாடு அப்படியொரு பலகையைச் செய்து தட்டச்சாளர்களிடம் கொடுத்துச் சோதித்து, 1972இல் முடிவுகளை வெளியிட்டார். இங்கிலாந்தில் தட்டச்சுப் பயிற்சி கொடுத்துவந்த லிலியன் மால்ட் என்ற பெண்மணியும் ஸ்டீவன் ஹாப்டே என்ற பொறியாளரும் 1970களில் மால்ட்ரான் பலகையைச் செய்தார்கள். இரண்டு குழிவான கிண்ணங்கள், ஒவ்வொரு விரலின் நீளத்துக்கும் ஏற்ற ஆழம், கட்டைவிரல்களுக்கென்று தனி விசைக்கூட்டம். அவர்கள் வகுத்த எழுத்து வரிசையில், ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் இ என்ற எழுத்து இடது கட்டைவிரலுக்குப் போயிற்று. தட்டச்சு கற்பவர்களின் கைகளை ஆண்டுக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரால் மட்டுமே எடுக்கக்கூடிய முடிவு அது. சாதாரணப் பலகையில் உடலின் பலமான விரல்கள் இரண்டும் சேர்ந்து ஸ்பேஸ் பார் என்ற ஒரே விசையைப் பார்த்துக்கொள்கின்றன; பெரும்பாலோருக்கு அதிலும் ஒன்று சும்மா இருக்கிறது. பலமற்ற சுண்டுவிரலுக்கோ ஷிப்ட், என்டர், பேக்ஸ்பேஸ், கன்ட்ரோல் என்று எல்லாக் கனமான வேலைகளும்.

அதற்குப் பிந்தைய வரலாறு வேகமானது. 1992இல் கினசிஸ் குழிவான பலகை, 1993இல் ஆப்பிளின் நடுவில் கீல் வைத்து விரிக்கும் பலகை, 1994இல் மைக்ரோசாஃப்டின் அலைபோல் வளைந்த நேச்சுரல் கீபோர்டு. கடைசியாகச் சொன்னதுதான் சாதாரண அலுவலக மேசைவரை போய்ச் சேர்ந்தது. 2010களில் வேறொரு கூட்டம் களத்துக்கு வந்தது. தாங்களே சர்க்யூட் பலகை வரைந்து, சால்டர் வைத்து, உறையை முப்பரிமாண அச்சில் எடுத்து, வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று திறந்துவைத்த ஆர்வலர்கள். எர்கோடாக்ஸ் அப்படி வந்தது. ஜப்பானியர் ஒருவர் வடிவமைத்த 42 விசை கோர்ன் பலகையும் அப்படித்தான். இப்போது ஸ்ப்ளிட் கீபோர்டு என்றால் பெரும்பாலும் இந்தக் குடும்பத்தைத்தான் சொல்கிறார்கள்: இரண்டு தனித்தனித் துண்டுகள், நடுவே ஒரு கேபிள், அல்லது அதுவும் இல்லை.

இந்தத் துண்டுகள் தரும் நன்மையை அளவோடு சொல்வதே நேர்மை. கையில் ஏற்கெனவே தொல்லை இருந்த 80 பேரை நான்கு குழுவாக்கி, மூன்று குழுவுக்கு வெவ்வேறு மாற்று விசைப்பலகைகளையும் ஒரு குழுவுக்குச் சாதாரணப் பலகையையும் கொடுத்து ஆறு மாதம் கவனித்த ஆய்வு ஒன்று 1999இல் அமெரிக்காவில் வெளியானது. வளைந்த நேச்சுரல் பலகையைப் பெற்றவர்களுக்கு வலி குறைந்தது. மருத்துவப் பரிசோதனையில் அதற்கு இணையான மாற்றம் தெரியவில்லை. கார்பல் டனல் நோய்க்கு இத்தகைய கருவிகள் சிகிச்சையாகுமா என்று 2012இல் காக்ரேன் அமைப்பு இருந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டிப் பார்த்தபோது, ஆகும் என்றோ ஆகாது என்றோ சொல்லப் போதுமான ஆதாரம் இல்லை என்றே முடித்தது. ஆகவே மரத்துப்போன விரல்களோடு இரவில் விழித்துக்கொள்கிறவர் முதலில் போக வேண்டிய இடம் மருத்துவரின் அறை. கீபோர்டு கடை அதற்கு அப்புறம்தான்.

வலிக்கு வளைவு மட்டும் காரணமல்ல. பழைய தட்டச்சுப் பொறியில் வரி முடியும்போது மணி அடிக்கும். கையைத் தூக்கி நெம்புகோலைத் தள்ள வேண்டும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, கார்பனும் புதுத் தாளும் செருக வேண்டும். தவறு நேர்ந்தால் அழிக்க வேண்டும். இவையெல்லாம் வேலைக்குத் தடையாகத் தெரிந்தாலும் கைக்கு ஓய்வாக இருந்தன. கணினி அந்த ஓய்வுகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டது. 1980களில் ஆஸ்திரேலிய அலுவலகங்களில் விசைப்பலகை வேலை செய்தவர்களிடையே கைவலிப் புகார்கள் அலையாக எழுந்து நாடே விவாதித்தது. எந்தப் பலகையை வாங்கினாலும், அது திருப்பித் தர முடியாத ஒன்று உண்டென்றால் இந்த இடைவெளிகள்தான். எழுந்து நடப்பதை எந்தக் கருவியும் நமக்காகச் செய்யாது.

அப்படியானால் ஏன் மாற வேண்டும்? வேகத்துக்காக என்றால் வேண்டாம். மாறியவர்களின் வேகம் முதல் சில நாட்களில் பரிதாபமாகச் சரியும், பிறகு மெல்ல மெல்லப் பழைய அளவுக்கு வரும். அதைத் தாண்டும் என்று யாரும் உறுதி தர முடியாது. மாறுவதற்கான நியாயம் வேறு: ஒரு பொருளுக்கும் உடலுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால், யார் வளைந்துகொடுப்பது என்ற கேள்வி. இதுவரை மணிக்கட்டு வளைந்தது. பலகையைப் பிரித்ததும் பலகை வளைகிறது. இரு துண்டுகளையும் தோளகலத்துக்குத் தள்ளலாம், வெளிப்பக்கமாகத் திருப்பலாம், கட்டைவிரல் பக்கத்தைக் கூடாரம்போல் தூக்கி நிறுத்தலாம். ஒருவருக்குப் பொருந்திய கோணம் அடுத்தவருக்குப் பொருந்த வேண்டியதில்லை. சாதாரணப் பலகை 150 ஆண்டுகளாக இந்தச் சுதந்திரத்தைத் தட்டச்சாளருக்குத் தந்ததில்லை.

முதல் வாரத்தில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு, பி (B) என்ற எழுத்து. அது பலகையின் நட்டநடுவில் இருக்கிறது. முறைப்படி அது இடது ஆள்காட்டி விரலுக்குச் சொந்தம். ஆனால் பார்த்துப் பார்த்துத் தானாகத் தட்டப் பழகியவர்களில் பலர் அதை வலக்கையால் அடிப்பார்கள், பல ஆண்டுகளாக அடித்துக்கொண்டிருப்பதும் அவர்களுக்குத் தெரியாது. பலகையை வெட்டியதும் பி இடது துண்டோடு போய்விடுகிறது; வலது ஆள்காட்டி விரல் வெறும் மேசையைத் தட்டுகிறது. தமிழ்நாட்டில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போய் லோயரோ ஹையரோ தேர்வு எழுதியவர்களுக்கு இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. இடக்கைக்கு ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், வலக்கைக்கு அரைப்புள்ளியில் தொடங்கி எல் கே ஜே எச் ஜே என்று தாள் தாளாக அடித்துப் பழகிய கைகள் அவை. எந்த விரல் எந்த விசைக்கு என்ற எல்லை அவற்றில் ஆழப் பதிந்திருக்கிறது. மணிக்கட்டைக் கட்டைமேல் ஊன்றாதே, தூக்கி வை என்று அங்கே ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்ததும், இன்று பணிச்சூழலியல் நிபுணர்கள் சொல்வதும் ஒன்றே. அந்த இன்ஸ்டிட்யூட்களின் பயிற்சிக்குப் பொதுவெளியில் கிடைக்கும் மரியாதை மிகக் குறைவு.

தமிழில் தட்டுகிறவருக்கு இந்தப் பலகை வேறொரு கதையைச் சொல்கிறது. அதை நின்று கவனிக்க வேண்டும்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி வந்த தமிழ் 99 விசைப்பலகையின் அடிப்படையே கைப்பிரிவினைதான். உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. ஏ என்ற விசையில் அ, அதற்கடுத்து இ, உ. எஃப் விசையில் புள்ளி. வலப்பக்க நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. தமிழ் எழுத்து என்பதே மெய்யும் உயிரும் சேர்வது என்பதால், கைகள் மாறி மாறி இயங்கும். ‘கிளி’ என்று அடிக்க வலம், இடம், வலம், இடம். ‘சொல்’ என்றாலும் அதே. ‘படிக்கிறேன்’ போன்ற சொல்லில் வலக்கை இரண்டு இரண்டாக அடித்தாலும் இடக்கை இடையில் புகுந்து மூச்சுவிட நேரம் தருகிறது. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதல் எழுத்துக்குத் தானாகப் புள்ளி விழும். ங அடித்துக் க அடித்தால் ங்க ஆகும். ‘வணக்கம்’ ஆறு தட்டல்களில் முடிகிறது. ஆங்கில எழுத்துகளால் ஒலிபெயர்த்து அடித்தால் எட்டு, கூடவே ஷிப்ட். தமிழின் இலக்கணத்தைக் கையின் அசைவாக மாற்றிய அருமையான வேலை இது. இரு துண்டுப் பலகையில் வைத்து அடிக்கும்போது, உயிர் ஒரு பலகையிலும் மெய் இன்னொரு பலகையிலும் நின்று, அந்த அமைப்பு கண்ணுக்கே தெரிகிறது.

முழுக்க அல்ல. மெய்கள் பதினெட்டில் இரண்டு இடக்கைப் பக்கம் தங்கிவிட்டன: வி விசையில் வ, பி விசையில் ங. மேலே சொன்ன பி தொல்லை இங்கே நன்மையாக முடிகிறது. ஒட்டிய பலகையில் ங்க என்பதை வலது ஆள்காட்டி விரலாலேயே இருமுறை எட்டிப்பிடித்தவர், பிரித்த பலகையில் ங-வுக்கு இடக்கை, க-வுக்கு வலக்கை என்று மாறியே தீர வேண்டும். ‘அங்கே’, ‘எங்கள்’, ‘நாங்கள்’ என்று அடிக்கடி வரும் சொற்களில் வலது விரலின் அந்த ஓட்டம் மிச்சமாகிறது.

மீதிப் பதினாறு மெய்களும் வலக்கைக்கு. அவற்றை விரல்வாரியாகப் பிரித்துப் பார்த்தால் ஒரு விஷயம் துருத்திக்கொண்டு தெரிகிறது. ஆள்காட்டி விரலுக்கு க, ப, ற, ள, ல, ர என்று ஆறு. நடுவிரலுக்கு ன, ம என்று இரண்டே. மோதிரவிரலுக்கு ட, த என்று இரண்டே. சுண்டுவிரலுக்கு ந, ய, ண, ச, ஞ, ழ: ஆறு. தமிழின் மெய்களில் மூன்றில் ஒரு பங்கு, கையின் ஆகப் பலவீனமான விரலில். அவற்றில் ச அபூர்வமான எழுத்தல்ல. செய்தல், சொல்லுதல், சேர்தல், சிறிது என்று பக்கத்துக்குப் பக்கம் வரும். அதன் இடம் மேல்வரிசையில் ண-வுக்கு அப்பால், சதுர அடைப்புக்குறி விசையில். இதோடு என்டர், பேக்ஸ்பேஸ், வலது ஷிப்ட் மூன்றும் அதே விரலுக்கு. 1999இல் இந்த அமைப்பைத் தீர்மானித்தவர்களைக் குறைசொல்ல ஏதுமில்லை. கடையில் விற்கும் ஆங்கிலப் பலகைக்குள் தமிழைப் பொருத்த வேண்டியிருந்தது, அந்தப் பலகையில் எழுத்துக்கு உதவும் உபரி விசைகள் எல்லாம் வலது ஓரத்தில் இருந்தன. அதற்கு வெகுகாலம் முன்பு ஈழத்தமிழரான ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை வடிவமைத்தபோதும் இதே நெருக்கடிதான்: பிறர் தங்கள் எழுத்துக்காகச் செய்த இயந்திரத்துக்குள் 247 எழுத்துகளைக் குடியேற்றுவது. ஒவ்வொரு முறையும் வளைந்துகொடுத்தது தமிழ்.

பிரித்த பலகை இங்கே ஒரு உண்மையான மாற்றத்தைச் சாத்தியமாக்குகிறது. இவற்றில் பெரும்பாலானவை கியூஎம்கே போன்ற திறந்த மூல நிரலில் ஓடுகின்றன. எந்த விசை எந்தக் குறியை அனுப்ப வேண்டும் என்பதைப் பயனரே தீர்மானிக்கலாம். கணினியில் உள்ள தமிழ் 99 மென்பொருளைத் தொட வேண்டியதே இல்லை. பேக்ஸ்பேஸை இடது கட்டைவிரலுக்கும் என்டரை வலது கட்டைவிரலுக்கும் இறக்கினாலே சுண்டுவிரலின் சுமையில் ஒரு பகுதி போய்விடும். ஓரளவு பெரிய பலகைகளில் எச் விசைக்குப் பக்கத்தில், உள்பக்கமாக ஒரு விசை வரிசை இருக்கும். அங்கே அடைப்புக்குறியைப் போட்டுவிட்டால் ச ஆள்காட்டி விரலுக்கு வந்துவிடுகிறது.

சின்னப் பலகை வாங்குகிறவர் முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டியதும் ச-வின் இடத்தைத்தான். கோர்ன் பலகையில் ஒவ்வொரு துண்டிலும் மூன்று வரிசை, ஆறு நெடுவரிசை, மூன்று கட்டைவிரல் விசை. ஆங்கிலத்துக்காக அமைத்து அனுப்பும் வரைபடத்தில், மேல்வரிசையில் ண-வுக்கு அடுத்த இடத்தில் பேக்ஸ்பேஸ் உட்கார்ந்திருக்கும்; சதுர அடைப்புக்குறிகள், ஒரு விசையைப் பிடித்தால்தான் வெளிவரும் இன்னொரு அடுக்குக்குள் ஒளிந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதுகிறவருக்கு அது நஷ்டமில்லை. தமிழில் அடித்தால் ச-வும் ஞ-வும் காணாமல் போகின்றன. தீர்வு எளிது: பேக்ஸ்பேஸைக் கட்டைவிரலுக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் ச, கீழ்வரிசையில் ழ-வுக்கு அடுத்து ஞ. இப்படி வைத்தால் பதினெட்டு மெய்களும் பன்னிரண்டு உயிர்களும் புள்ளியும் 42 விசைக்குள் அடுக்குமாற்றமே இல்லாமல் அடங்கிவிடுகின்றன. ஐந்தே நெடுவரிசை உள்ள 34, 36 விசைப் பலகைகளில் ய-வும் சேர்ந்து வெளியேறிவிடும். அவற்றில் இரண்டு விசைகளைச் சேர்த்து அழுத்தினால் ஓர் எழுத்து என்று வைக்க வேண்டும். செய்யலாம், ஆனால் ய-வை அப்படி அடிப்பது தமிழ் எழுதுகிறவருக்கு நல்ல பேரமல்ல. தமிழுக்குக் கோர்னைவிடச் சிறிய பலகை வேண்டாம் என்று துணிந்து சொல்லலாம்.

இன்னொரு வழக்கமும் தமிழில் இடறும். நடுவரிசை விசைகளைத் தட்டினால் எழுத்து, அழுத்திப் பிடித்தால் ஷிப்ட் அல்லது கன்ட்ரோல் என்று இரட்டை வேலை கொடுப்பது இந்த ஆர்வலர்களிடையே பிரபலம். தட்டலா, பிடித்தலா என்று நிரல் முடிவெடுக்கும் காலம் இயல்பாக 200 மில்லி வினாடி. வலப்பக்கம் அந்த வேலை விழும் விசைகளில் தமிழ் 99இல் இருப்பவை ப, ம, த, ந. தமிழில் ப்ப, ம்ம, த்த இல்லாத வரி அரிது. இரட்டிப்பின்போது விரல் ஒரு கணம் தங்கினாலும் எழுத்துக்குப் பதில் ஏதோ ஒரு கட்டளை ஓடிவிடும். இந்த வசதியைத் தமிழ் அடுக்கில் அணைத்துவிட்டு ஆங்கில அடுக்கில் மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. தமிழ் 99இன் எழுத்துகளில் ஷிப்ட் தேவைப்படுவது கிரந்தத்துக்கும் ஆய்தத்துக்கும்தான் என்பதால் பெரிய இழப்பு ஏதுமில்லை.

விலையைச் சொல்லாமல் விட முடியாது. சாதாரண கீபோர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஊரில், இவை பல ஆயிரம். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்கமும் சேரும். சால்டர் பிடிக்கத் தெரிந்தவர்கள் பாகங்களாக வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள். அப்படிக் கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது: இரு துண்டுகளையும் இணைக்கும் ஹெட்போன் வகைக் கேபிளை மின்சாரம் ஓடும்போது பிடுங்கவோ செருகவோ கூடாது, முனைகள் உரசும் கணத்தில் குறுக்கிணைப்பு ஏற்பட்டு உள்ளே இருக்கும் சில்லு போய்விடலாம். விலை கட்டுப்படியாகாதவர்கள் செய்யக்கூடியதும் உண்டு. பலகையின் பின்கால்களை மடக்கிவிடுவது, முழங்கை பலகையின் உயரத்துக்கு வரும்படி நாற்காலியைத் தூக்குவது, எண்பகுதி இல்லாத குட்டைப் பலகை வாங்கி மவுஸைக் கிட்டே கொண்டுவருவது.

அலுவலகத்திலும் வீட்டிலும் வேறுவேறு பலகை என்றால் இரண்டு பழக்கமும் ஒரே கையில் தங்குமா என்று பலர் தயங்குகிறார்கள். இரு துண்டுகளும் மடிக்கணினியின் விசைகளும் உருவத்தில் எவ்வளவு வேறுபடுகின்றனவோ அவ்வளவு நல்லது. தொட்டதுமே எது எது என்று கை தெரிந்துகொள்ளும். குழப்புவது பாதி ஒத்து பாதி வேறுபடும் பலகைகள். தொடக்கத்தில் துண்டுகளை ஒட்டியே வைத்துப் பழகி, சில நாட்களுக்கு ஒருமுறை விரலகலம் விரலகலமாக விலக்குவதும், எழுத்து வரிசையை அந்தச் சமயத்தில் மாற்றாமலிருப்பதும் உதவும்.

எர்கோடாக்ஸுக்கும் கோர்னுக்கும் ஆங்கிலம், ஜெர்மன், ஜப்பானிய மொழிகளை மனதில் கொண்டு ஆர்வலர்கள் செய்த விசை வரைபடங்கள் ஏராளமாகப் பகிரப்படுகின்றன. தமிழ் 99க்கு அப்படியொன்றைச் செய்து பகிர ஒருவருக்கு ஒரு வார இறுதி போதும். ச-வுக்கு எந்த விசை, ஞ-வுக்கு எந்த விசை, புள்ளியைக் கட்டைவிரலுக்கு இறக்கலாமா, அப்படி இறக்கினால் எஃப் இடத்துக்கு எந்த உயிரைக் கொண்டுவருவது என்பவற்றை, சால்டர் பிடிக்கும் இளைஞர்களும் இன்ஸ்டிட்யூட்டில் ஹையர் முடித்த தட்டச்சாளர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு பக்கம் அடித்துப் பார்த்துத் தீர்க்கலாம்.